சில்ட்ரன்ஸ் சென்டரை மூடப்போகிறார்கள்: ஸ்க்ரூட்டினி குழுவிடம் போய்ப் பயன் உண்டா?

#1 கிழக்கு லண்டன் அம்மா

எங்கள் கவுன்சில் இரண்டு சில்ட்ரன்ஸ் சென்டர்களை (சிறு குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் மையங்கள்) மூடிவிட்டு, மிச்சமிருப்பதை ‘ஃபாமிலி ஹப்’ ஆக்கப்போகிறதாம். கருத்துக்கேட்புப் படிவம் இணையத்தில் வந்திருக்கிறது. கேள்விகளைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ‘குடும்பங்களுக்கான சேவைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது நல்லது என்று நினைக்கிறீர்களா?’ இதற்கு யார் இல்லை என்று எழுதுவார்கள்? அந்த ஒரே இடம் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறது என்பதைப் படிவம் எங்கும் சொல்லவில்லை.

குழந்தைகள் சேவைகளைக் கண்காணிக்கும் ஸ்க்ரூட்டினி குழு அடுத்த மாதம் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறது, பொதுமக்களும் போகலாம் என்று சென்டரில் வேலை செய்யும் ஒருவர் காதோடு சொன்னார். அந்தக் குழுவுக்கு என்ன அதிகாரம்? முடிவை நிறுத்த முடியுமா? கைக்குழந்தையோடு இரவு ஏழு மணிக் கூட்டத்தில் போய் உட்காரும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா ஒரு பார்வையாளர்

முடிவெடுத்த பிறகுதான் கருத்துக் கேட்பார்கள். பேசாமல் வீட்டிலிருந்து குழந்தையைத் தூங்க வையுங்கள்.

#3 முன்னாள் கவர்னர்

பார்வையாளர் தம்பி வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டார். நான் கொஞ்சம் திறந்து வைக்கிறேன். பள்ளியொன்றில் பெற்றோர் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக, இருந்தேன்; அதன் வழியாக எங்கள் கவுன்சிலின் குழந்தைகள் ஸ்க்ரூட்டினி குழுவில் பெற்றோர் பிரதிநிதியாகவும் ஒரு தவணை இருந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலான கவுன்சில்களில் ஏற்பாடு இப்படி: தலைவரும் ஒரு சில கவுன்சிலர்களும் சேர்ந்த கேபினட் முடிவெடுக்கும்; மற்ற கவுன்சிலர்கள் ஸ்க்ரூட்டினி குழுக்களில் உட்கார்ந்து அந்த முடிவுகளைக் கேள்வி கேட்பார்கள். (2011க்குப் பிறகு சில கவுன்சில்கள் பழைய கமிட்டி முறைக்கே திரும்பிவிட்டன. உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) குழந்தைகள் விஷயத்தில் கேபினட்டில் ஒரு கவுன்சிலரும், அதிகாரிகள் பக்கம் ஒரு இயக்குநரும் பெயர் சொல்லிப் பொறுப்பாளிகளாக இருக்கவேண்டும். இதை 2004ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் கட்டாயமாக்கியது. ஸ்க்ரூட்டினி குழு கூப்பிட்டால் இந்த இருவரும் வந்து பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘வேறு வேலை இருக்கிறது’ என்பது பதிலாகாது.

முடிவை நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. கேபினட் எடுத்து, இன்னும் நடைமுறைக்கு வராத முடிவை ‘கால்-இன்’ செய்து, மறுபடி யோசி என்று திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். யோசித்துவிட்டு அதே முடிவையே எடுக்கக் கேபினட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் குழு பரிந்துரை ஒன்றை எழுத்தில் கொடுத்து, பதில் வேண்டும் என்று கேட்டால், கேபினட் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். பிற்பாடு யாராவது வழக்குப் போட்டால் முதலில் புரட்டப்படுவது இந்தத் தாள்கள்தான்.

சில்ட்ரன்ஸ் சென்டர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிடி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தில் பிறகு சேர்த்த பிரிவுகளின்படி, ஒரு சென்டரை மூடுவதற்கு முன்போ அதன் சேவைகளைப் பெரிதாக மாற்றுவதற்கு முன்போ கவுன்சில் முறையாகக் கருத்துக் கேட்கவேண்டும். பெயருக்குக் கேட்டால் போதாது. பாதிக்கப்படுபவர்கள் அறிவோடு பதில் சொல்லத் தேவையான விவரம் படிவத்தில் இருக்கவேண்டும். இரண்டு பஸ் தூரத்தை மறைத்த படிவம் அந்தச் சோதனையில் தேறுமா என்பதே நல்ல கேள்வி. அதைக் கூட்டத்தில் கேளுங்கள், பதில் பதிவாகட்டும்.

இன்னொன்று, தனி ஆதங்கம். கல்வி விஷயங்களைக் கவனிக்கும் ஸ்க்ரூட்டினி குழுவில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஐந்து பெற்றோர் கவர்னர் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்பது சட்டம். கல்வி விஷயங்களில் கவுன்சிலரைப் போலவே அவர்களுக்கும் ஓட்டு உண்டு. நான் போனபோது அந்த நாற்காலிகளில் ஒன்று காலியாகக் கிடந்தது. நம் பிள்ளைகளை ட்யூஷனுக்கும் வீணை வகுப்புக்கும் ஓட்டிக்கொண்டே இருக்கும் நாம், அந்த நாற்காலிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

#4 சமூகப்பணி அக்கா

கவர்னர் அண்ணன் சட்டத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். மேசையின் மறுபக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். குழந்தைகள் சேவைகளில் சமூகப் பணியாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள்.

ஸ்க்ரூட்டினி கூட்டம் வருகிறது என்றால் எங்கள் பிரிவில் அறிக்கை தயாரிக்கும் சடங்கு தொடங்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டங்கள். குழந்தைகளின் நிலை பற்றிய மதிப்பீடுகள் 45 வேலை நாட்களுக்குள் முடிந்தனவா? பச்சை. குழந்தைப் பாதுகாப்பு மாநாடு (ஒரு குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசி முடிவெடுக்கும் கூட்டம்) 15 வேலை நாட்களுக்குள் கூடியதா? பச்சை. கவுன்சிலர்கள் சிவப்புக் கட்டத்தைத் தேடிப் பிடித்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள். இயக்குநர் ‘மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது’ என்பார். ‘அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

45 நாளில் முடிந்த மதிப்பீடு நல்ல மதிப்பீடு என்று யார் சொன்னார்கள்? நாற்பத்துநான்காம் நாள் அவசரமாக எழுதி மூடியதும் அதே பச்சைதான். வட லண்டனில் ஹாரிங்கேயில் பதினேழு மாதக் குழந்தை பீட்டர் வீட்டில் நடந்த கொடுமையால் 2007 ஆகஸ்டில் இறந்தான். பள்ளிகளையும் குழந்தைகள் சேவைகளையும் ஆய்வுசெய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அந்த ஆண்டுக்குக் கொடுத்த மதிப்பீடு அந்தக் கவுன்சிலின் குழந்தைகள் சேவைகளை ‘நன்று’ என்றே சொன்னது. பெரும்பகுதி கவுன்சிலே கொடுத்த தரவுகளை மேசையில் வைத்துப் பார்த்த மதிப்பீடு அது. வழக்கு முடிந்ததும் 2008இல் அவசரமாக ஆட்களை நேரில் அனுப்பிப் பார்த்தபோது படம் தலைகீழாக இருந்தது.

நான் கவுன்சிலராக இருந்தால் வேறு மாதிரிக் கேட்பேன். ஒரு பணியாளர் கையில் எத்தனை குழந்தைகள்? சராசரியைச் சொல்லாதீர்கள், மிக அதிகமாக வைத்திருப்பவரிடம் எத்தனை? ஏஜென்சி வழியாக வரும் தற்காலிக ஆட்கள் எத்தனை பேர்? கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் எத்தனை சமூகப் பணியாளர்கள் மாறினார்கள்? ஒரே கதையை ஐந்தாவது முறையாக ஐந்தாவது ஆளிடம் சொல்லும் பிள்ளை, ஆறாவது ஆளிடம் வாயையே திறக்காது. இதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லை.

#5 சும்மா ஒரு பார்வையாளர்

அக்கா என் பக்கம்தான் பேசுகிறார் போலிருக்கிறது. வட இங்கிலாந்தில் ராதர்ஹாம் கவுன்சிலில் ஸ்க்ரூட்டினி குழு இல்லையா? கேபினட் இல்லையா? 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள், அதுவும் குறைத்துப் போட்ட கணக்கு என்று அதை விசாரித்த அலெக்சிஸ் ஜே 2014இல் அறிக்கை எழுதினார். அத்தனை வருடமும் கூட்டம் நடந்தது, தேநீர் குடித்தார்கள், அறிக்கையைக் கவனத்தில் கொண்டார்கள். ஆளும் கட்சிக்காரர் தன் கட்சிக் கேபினட்டை எப்படிக் கேள்வி கேட்பார்? அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டாமா?

#6 முன்னாள் கவர்னர்

தம்பி, ராதர்ஹாமைச் சொன்னது நல்லது. ஆனால் அது உங்கள் முடிவுக்குக் கொண்டுபோய் விடவில்லை. 2015இல் அரசு சார்பில் கவுன்சிலை ஆய்வுசெய்த லூயிஸ் கேசி எழுதியதைப் படியுங்கள். அறிக்கைகள் குழுவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அமைப்பு மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தெரிந்தது. ஆனால் கேள்வி கேட்பது அங்கே வரவேற்கப்படவில்லை. ஸ்க்ரூட்டினியை வேண்டுமென்றே பலவீனப்படுத்தி வைத்திருந்தார்கள் என்றே அவர் முடிவுசெய்தார். அதன் பிறகு மத்திய அரசு ஆணையர்களை அனுப்பிக் கவுன்சிலின் அதிகாரங்களை எடுத்துக்கொண்டது.

குழு வீண் என்றால் அதை எதற்கு மெனக்கெட்டுப் பலவீனப்படுத்தவேண்டும்?

கட்சிப் பிரச்சினை உண்மை. ஸ்க்ரூட்டினி குழுவின் தலைவர் பதவியை ஆளும் கட்சியே வைத்துக்கொள்ளும் கவுன்சில்கள் நிறைய. அரசின் 2019 வழிகாட்டுதல் இதைப் பற்றியெல்லாம் நிறைய அறிவுரை சொல்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வரும் கேள்வி முக்கியம் என்கிறேன். கட்சிக்காரர் தானாகக் கேட்கத் தயங்குவதை, ‘பொதுமக்களில் ஒருவர் கேட்டிருக்கிறார்’ என்று சொல்லிக்கொண்டு கேட்பார். அதிகாரியின் அறிக்கையில் இல்லாத ஒரு விஷயம் அந்த அறைக்குள் நுழைய, பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி. பல கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கத் தயங்கிய ஒரு ஆளும் கட்சிக் கவுன்சிலர், ஒரு தாயின் மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநரைப் பதினைந்து நிமிடம் விடவே இல்லை.

#7 இரு பிள்ளைத் தகப்பன்

மன்னிக்கவும், கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். நம் ஆட்களில் பலர் சென்டர் பக்கம்கூடப் போகாததற்குக் காரணம் வேறு. பெயரைக் கொடுத்தால் சோஷியல் சர்வீசஸ்காரர்கள் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். என் மனைவி முதல் பிரசவத்துக்குப் பிறகு மிகவும் தளர்ந்து போயிருந்தபோது, உதவி கேட்கவேண்டாம், வாயை மூடிக்கொண்டிரு என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். இதையெல்லாம் அந்தக் குழு கேட்குமா?

#8 சமூகப்பணி அக்கா

தம்பி, இது விலகல் இல்லை, நடுவிஷயமே இதுதான்.

முதலில் பயத்தைப் பற்றி. சமூகப் பணியாளர் நினைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். அல்லது பெற்றோர் சம்மதம் வேண்டும். உடனடி ஆபத்து என்றால் போலீசுக்கு மட்டும் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்க அதிகாரம் உண்டு. 1989ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்பது உதவி. தேவையுள்ள குழந்தைக்கும் குடும்பத்துக்கும் கை கொடுப்பதற்கானது. 47ஆம் பிரிவு என்பது கடுமையான தீங்கு நேரக்கூடும் என்ற சந்தேகத்தின் மேல் விசாரணை. வீட்டுக்கு ஆள் வந்தால் ‘இது பதினேழா, நாற்பத்தேழா?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி மொழி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டிலிருந்து பிரான்ஸ் வழியாக இங்கே வந்த எட்டு வயது விக்டோரியா க்ளிம்பியே 2000 பிப்ரவரியில் லண்டனில் சித்திரவதையால் இறந்தாள். பல கவுன்சில்கள், போலீஸ், மருத்துவமனைகள் என எல்லோர் கண்ணிலும் பட்டவள். பெரியவர்கள் முன்னால் அவள் விறைத்து நின்றதை, அது அவர்கள் பண்பாட்டு மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். பயத்தைப் பண்பாடு என்று பெயரிட்டுத் தள்ளிவைத்த இந்த இடம், நம் வீடுகளை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. விசாரணை நடத்திய லார்ட் லாமிங் 2003இல் 108 பரிந்துரைகள் கொடுத்தார். பாதுகாப்பு விஷயமாக ஒரு குழந்தையிடம் பேசவேண்டியிருந்து, அதன் முதல் மொழி ஆங்கிலம் இல்லையென்றால், மொழிபெயர்ப்பாளரை அழைக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

இன்றும் நான் போகும் வீடுகளில் அம்மா சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்கிறது. அல்லது கணவர் சொல்கிறார். கணவரைப் பற்றிய புகாரைக் கணவரே மொழிபெயர்ப்பதை நினைத்துப் பாருங்கள். எத்தனை சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார், எத்தனைக்கு வந்தார் என்று ஸ்க்ரூட்டினியில் யாராவது கேட்டால் எங்கள் மேலதிகாரிகளுக்கு வியர்த்துவிடும். அந்த எண்ணிக்கையை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். வைத்திருக்கவில்லை என்பது வெளியே வருவதே பெரிய விஷயம்.

#9 நெறியாளர்

சொந்த வழக்கு விவரங்கள், பிள்ளைகளின் பெயர், பள்ளி, பணியாளர் பெயர் எதையும் இங்கே எழுதவேண்டாம். நேற்று வந்த இரண்டு பதிவுகளை அதனால் நீக்கியிருக்கிறேன். நீதிமன்றத்தில் இருக்கும் குடும்ப வழக்குகளை வெளியே எழுதுவது சட்டப்படி உங்களுக்கே சிக்கலாகும்.

#10 காத்திருக்கும் தாய்

நீக்கப்பட்டவற்றில் ஒன்று என்னுடையது. பெயர்கள் இல்லாமல் எழுதுகிறேன். சிறப்புக் கல்வித் தேவை உள்ள மகனுக்கு இஎச்சி திட்டம் (அவனுக்கு என்னென்ன உதவி தரவேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் சட்டபூர்வ ஆவணம்) கேட்டு விண்ணப்பித்தோம். சட்டப்படி 20 வாரம். அது எப்போதோ தாண்டிவிட்டது. கல்வி உளவியலாளர் இல்லை என்கிறார்கள். தனிப்பட்ட வழக்கை எடுக்கமாட்டோம் என்று ஸ்க்ரூட்டினி குழுவிலும் கைவிரித்துவிட்டார்கள். பிறகு அந்தக் குழு எதற்கு?

#11 முன்னாள் கவர்னர்

அம்மா, தனி வழக்கை அவர்கள் எடுக்கமுடியாது, உண்மைதான். அதற்கு வேறு வழி. முதலில் கவுன்சிலில் எழுத்தில் புகார், அது முடிந்த பிறகு உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மேன், அதாவது கவுன்சில்கள் மேலான புகார்களை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி. தாமதத்துக்காக ஆம்பட்ஸ்மேன் பல கவுன்சில்களைக் குற்றம் கண்டு, குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். செலவு கிடையாது. திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, கொடுப்பதா மறுப்பதா என்பதெல்லாம் தீர்ப்பாயத்தின் வேலை. தாமதம் ஆம்பட்ஸ்மேன் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதக்கணக்கில் நேரம் போகும்.

ஆனால் உங்கள் வழக்கைக் கூட்டுத்தொகையாக மாற்றிக் குழுவிடம் கேட்கலாம். 20 வாரத்துக்குள் முடிந்த திட்டங்களின் விகிதத்தைக் கல்வித் துறை கவுன்சில்வாரியாக ஒவ்வொரு ஆண்டும் வெளியிடுகிறது. உங்கள் கவுன்சிலின் எண்ணை எடுங்கள், பக்கத்துக் கவுன்சில்களின் எண்களையும் எடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘நாடு முழுவதும் உளவியலாளர் பற்றாக்குறை’ என்ற பதில் அப்போது செல்லாது; பற்றாக்குறை பக்கத்துக் கவுன்சிலுக்கும் இருக்கிறதே.

#12 தெற்கு நியூமால்டன்

எங்கள் பக்கம் கதையே வேறு. கிங்ஸ்டன், ரிச்மண்ட் இரண்டு கவுன்சில்களுக்கும் சேர்த்துக் குழந்தைகள் சேவைகளை ‘அச்சீவிங் ஃபார் சில்ட்ரன்’ என்ற தனி நிறுவனம் நடத்துகிறது. அப்படியானால் கவுன்சிலர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டா?

#13 முன்னாள் கவர்னர்

உண்டு. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களே கவுன்சில்கள்தான். பர்மிங்காமில் 2018 முதல் ட்ரஸ்ட் நடத்துகிறது, அங்கும் அப்படியே. வேலையை வெளியே கொடுக்கலாம், சட்டப் பொறுப்பைக் கொடுக்கமுடியாது. ஆனால் ஒன்று: நிறுவனத்தின் போர்டு கூட்டம் கவுன்சில் கூட்டம்போல் எல்லோருக்கும் திறந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஆகவே ஸ்க்ரூட்டினி கூட்டம்தான் உங்களுக்கு இருக்கும் சாளரம்.

#14 கிழக்கு லண்டன் அம்மா

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. போவதென்று முடிவுசெய்துவிட்டேன். கேள்வி எழுதியிருக்கிறேன்:

‘சில்ட்ரன்ஸ் சென்டர்கள் எங்கள் சமூகத்துக்கு மிக முக்கியமானவை. அவற்றை மூடுவது ஏழைக் குடும்பங்களைப் பாதிக்கும் என்பதைக் குழு உணருமா?’

#15 முன்னாள் கவர்னர்

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்கு ‘உணர்கிறோம், நன்றி’ என்று பதில் வரும். நீங்களும் நன்றி சொல்லிவிட்டு உட்காரவேண்டியதுதான். அவர்களால் ஆம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்கவேண்டும். எண் கேளுங்கள், தேதி கேளுங்கள், ஆள் கேளுங்கள்.

‘மூடப்போகும் இரண்டு சென்டர்களைச் சென்ற ஆண்டு எத்தனை குடும்பங்கள் பயன்படுத்தின? அவற்றில் எத்தனை குடும்பங்கள் புதிய ஹப்பிலிருந்து முப்பது நிமிடப் பயணத்துக்கு மேல் இருக்கின்றன? அந்தக் குடும்பங்களிடம் எந்தத் தேதியில், எந்த மொழிகளில் கருத்துக் கேட்கப்பட்டது?’ இப்படி.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் கவுன்சில் தளத்தில் வரவேண்டும். ஆனால் பல கவுன்சில்களில் பொதுமக்கள் கேள்வியை அனுப்பும் கெடு அதற்கும் முன்பே முடிந்துவிடும். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுச் சலித்துவிட்டேன். கூட்டங்களைக் கவனிக்கும் ஜனநாயகச் சேவைப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கெடுவைக் கேளுங்கள். கூட்டத்தைப் படம்பிடிக்க 2014 முதல் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. யாராவது முறைத்தால் பொருட்படுத்தவேண்டாம்.

இன்னொரு தாளையும் தேடிப் படியுங்கள்: குழந்தைகள் சமூகப் பராமரிப்பு பற்றி வந்த முறையீடுகளின் ஆண்டறிக்கை. கவுன்சில் அதை வெளியிட்டே ஆகவேண்டும். மக்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்பது பச்சைக் கட்டங்களைவிட அதில்தான் தெரியும். பெரும்பாலான கவுன்சிலர்களே அதைப் புரட்டுவதில்லை.

#16 சமூகப்பணி அக்கா

கேள்வி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கவலை. அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு வருத்தப்படுவேன்.

பாதுகாப்பு விசாரணை, நீதிமன்ற வழக்கு, பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் இல்லச் செலவு, இவற்றைக் கவுன்சில் தவிர்க்கவே முடியாது, சட்டக் கடமை. சென்டர்களுக்கும் சட்டம் இருக்கிறது, ஆனால் ‘நியாயமாக இயன்றவரை’ போதுமான அளவு வைத்திருக்கவேண்டும் என்று தளர்த்தி எழுதிய சட்டம். ஆகவே பணம் வற்றினால் கத்தி முதலில் இறங்குவது குடும்பங்களுக்கான ஆரம்பகட்ட உதவியின் மேல். ஷ்யூர் ஸ்டார்ட் சென்டர்களுக்கு (இன்றைய சில்ட்ரன்ஸ் சென்டர்களின் முன்னோடிகள்) அருகில் வளர்ந்த, இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் தெளிவாக நன்றாகச் செய்தார்கள் என்று நிதி ஆய்வுக் கழகம் 2024இல் காட்டியது. பலன் தெரிய பதினாறு வருடம். கவுன்சில் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை.

நீங்கள் கூட்டத்தில் சத்தம் போட்டு ஒரு கட்டடத்தைக் காப்பாற்றலாம். அதற்கான பணத்தை, வீட்டுக்கு வந்து பார்க்கும் குடும்ப உதவிப் பணியாளர் இரண்டு பேரை நீக்கி எடுத்துவிடுவார்கள். அது எந்தக் கருத்துக்கேட்பிலும் வராது. ஒரு வெள்ளிக்கிழமையோடு ஆள் இருக்கமாட்டார், அவ்வளவுதான். மேலே எழுதிய இரு பிள்ளைத் தகப்பனின் மனைவி போன்றவர்களுக்குக் கட்டடத்தைவிட அந்த ஆள்தான் முக்கியம்.

#17 சும்மா ஒரு பார்வையாளர்

அப்படியானால் மூடட்டும் என்கிறீர்களா, அக்கா?

#18 சமூகப்பணி அக்கா

இல்லை. கட்டடத்தை மட்டும் கேட்காதீர்கள் என்கிறேன். மூடினால் மிச்சமாகும் பணம் எவ்வளவு, அது எங்கே போகிறது, மூடாவிட்டால் எதில் வெட்டு விழும், இந்த மூன்றையும் ஒரே கேள்வியில் வையுங்கள். பதில் சொல்லவேண்டியவர் இயக்குநர் அல்ல, கேபினட் கவுன்சிலர். பணத்தைப் பங்கிட்டது அவர்.

#19 கிழக்கு லண்டன் அம்மா

சரி அக்கா. ஆளுக்கு ஒரு கேள்விதான் என்று எங்கள் கவுன்சில் விதியில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். கவர்னர் அண்ணன் எழுதிய கேள்வியை நான் கேட்கிறேன். பணக் கேள்வியைக் கேட்க, அதே வார்டில் இருக்கும் தோழியைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கேள்விக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பகுதியில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். கெடு வரும் புதன்கிழமை நண்பகல்.